பிரேசில் திருவிழாக்கள்: இறகுக் கிரீடத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

மரக்கலம் எழுதியது:

சாவோ பாவுலோவுக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. பிப்ரவரி பிறந்தால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே கேள்விதான்: "கார்னிவலுக்குப் போனாயா?" கேட்பவர்களின் மனத்தில் இருப்பது இறகுக் கிரீடம் வைத்த பெண், மின்னும் பெரிய வண்டி, விடிய விடிய ஆட்டம். நானும் அதே நினைப்போடுதான் இங்கே வந்து இறங்கினேன். அது எங்கே மாறியது என்று சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இரண்டாம் ஆண்டு அக்டோபரில், கூட வேலை பார்க்கும் நண்பன் ரியோவில் தன் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனான். மங்கேய்ரா குன்றின் அடிவாரத்தில் வீடு. அந்த அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கார்னிவலுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆனால் அன்றிரவே ஒத்திகை. சாம்பா என்பது மேளத்தோடு வரும் பிரேசில் பாட்டும் ஆட்டமும். அவர் தன் சாம்பாப் பள்ளியில் 'பையானா' வரிசையில் சுழல்பவர். வளையம் வைத்த அகலப் பாவாடை, தலைக்கட்டு, தோளில் ஏறும் மணிகள் எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும் என்றார். அதைச் சுமந்துகொண்டு பாட்டு முடியும்வரை சுழல வேண்டும்.

பையானா என்றால் பாயியா மாநிலத்துப் பெண் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாயியாவிலிருந்து ரியோ துறைமுகப் பக்கம் குடியேறிய கறுப்பினப் பெண்கள் வீட்டில் பலகாரம் செய்து தெருவில் விற்றார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் தியா சியாட்டா, அதாவது சியாட்டா அத்தை. அவர் வீட்டுக் கூடத்திலும் கொல்லைப்புறத்திலும்தான் சாம்பா வளர்ந்தது. போலீஸ் விரட்டிய காலத்தில் இசைக்கும் வழிபாட்டுக்கும் அவர் வீடு நிழலாக இருந்தது. அந்த அத்தைமாரை நினைத்துத்தான் இன்றும் ஒவ்வொரு பள்ளியிலும் பையானா வரிசை கட்டாயம். அந்த வரிசை இல்லாமல் பள்ளிகளின் கார்னிவல் ஊர்வலப் போட்டியில் இறங்க முடியாது.

'பள்ளி' என்றதும் பாடம் நடத்தும் இடம் என்று எண்ண வேண்டாம். பேட்டைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. 1928-இல் எஸ்டாசியோ பேட்டையில் தொடங்கிய 'டெய்ஷா ஃபலார்' குழுதான் முதல் சாம்பாப் பள்ளி என்பார்கள். 'பேசுகிறவன் பேசட்டும், விடு' என்பதுதான் அந்தப் பெயர். பக்கத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அவர்கள் ஆசிரியர் என்றால் சாம்பாவுக்கு நாங்கள் ஆசிரியர் என்று தங்களையும் பள்ளி என்று அழைத்துக்கொண்டதாக அதன் நிறுவனர்களில் ஒருவரான இஸ்மாயெல் சில்வா சொல்லியிருக்கிறார். 1932-இல் பிராசா ஓன்சி சதுக்கத்தில் நடந்த முதல் போட்டியில் வென்றது மங்கேய்ரா குன்றுப் பள்ளி.

இங்கே யாராவது பிரேசிலின் மற்ற ஊர்த் திருவிழாக்களைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். எனக்கு ரியோதான் தெரியும், அதுவும் ஒரு பெரியம்மாவின் முழங்கால் வழியாக.

---

பறைச்சத்தம் எழுதியது:

அருமை மரக்கலம். நான் பறை வாசிப்பவன். காணொளிகளில் சாம்பாத் தாளம் கேட்டிருக்கிறேன். முந்நூறு பேர் ஒன்றாக அடிக்கும்போது எப்படிப் பிசகாமல் போகிறது? அத்தனை பெரிய கூட்டத்தில் கடைசி வரிசைக்காரனுக்கு முதல் வரிசை அடிப்பது தாமதமாகத்தானே கேட்கும்?

---

மரக்கலம் எழுதியது:

பறைச்சத்தம், இந்தக் கேள்வியை நானும் ஒத்திகையில் கேட்டேன். மேளக் குழுவுக்கு 'பட்டேரியா' என்று பெயர். அதன் இதயம் 'சுர்து' என்ற பெரிய மேளம். முதல் சுர்து ஒரு அடி கொடுக்கும், இரண்டாம் சுர்து அதற்குப் பதில் கொடுக்கும், மூன்றாவது இடையில் புகுந்து அணி சேர்க்கும். மங்கேய்ராவில் மட்டும் அந்தப் பதில் மேளம் கிடையாது. முதல் சுர்து மட்டும்தான் 'தும்' என்று விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வருவது மங்கேய்ரா என்று ரியோக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

எல்லோருடைய கண்ணும் மேளக் குழுத் தலைவரான 'மெஸ்த்ரே'யின் கை மேல் இருக்கும். அவருக்கு உதவியாக வரிசைகளுக்கு நடுவில் பலர் நின்று கையசைத்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் சொன்ன தாமதத்தைச் சமாளிப்பதே அவர்கள் வேலை. காதை நம்பாதே, கையைப் பார் என்று ஒத்திகையில் ஒரு பையனைத் திட்டியதைக் கேட்டேன்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று 'பரடீனியா'. ஓட்டத்தின் நடுவில் மேளம் முழுக்க நின்றுவிடும். சில நொடிகள் ஆயிரக்கணக்கானோரின் குரல் மட்டும் கேட்கும். பிறகு சரியான மாத்திரையில் எல்லா மேளமும் ஒன்றாக உள்ளே விழும். மொசிடாஜி பள்ளியின் மெஸ்த்ரே ஆந்த்ரேதான் 1959-இல் இதைத் தொடங்கி வைத்தார் என்பார்கள். ஒரு மேளம் அரை மாத்திரை பிசகினாலும் நடுவர் குறித்துக்கொள்வார். மதிப்பெண் பத்துக்கு 9.9, 9.8 என்று போகும். 0.1-இல் பட்டம் கைமாறிய ஆண்டுகள் உண்டு. கார்னிவல் முடிந்து வரும் சாம்பல் புதன் அன்று ஒவ்வொரு மதிப்பெண்ணாக உரக்க வாசிப்பார்கள். பெரியம்மா வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடுவதில்லையாம்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. ரியோ கார்னிவலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 'ஜோகு டு பிஷு' என்ற சட்டவிரோத விலங்கு லாட்டரிச் சூதாட்ட முதலாளிகள்தான் பல பள்ளிகளுக்குப் பல்லாண்டு புரவலர்கள். 1993-இல் நீதிபதி டெனிசி ஃப்ரொசார்ட் அவர்களில் 14 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தார். அது ஊருக்கே அதிர்ச்சி. அப்புறம் தொலைக்காட்சி வந்தது, பார்வையாளர்களுக்கு விலையுயர்ந்த மேடைப் பெட்டிகள் வந்தன. பேட்டைக்காரர்கள் உழைக்கிறார்கள், உண்மை. அந்த மக்களுக்குத் திரும்பி என்ன கிடைக்கிறது? குன்றில் வடிகால் வந்ததா?

---

மரக்கலம் எழுதியது:

> குன்றில் வடிகால் வந்ததா?

வரவில்லை எதிர்க்கேள்வி. மழை பெய்தால் பெரியம்மா வீட்டுப் படியில் தண்ணீர் ஓடுகிறது. சூதாட்டப் பணம் பற்றி நீங்கள் சொன்னதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பணத்தில் நடந்த ஊர்வலத்திலும் மக்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். 1989-இல் பெய்ஜா-ஃப்ளோர் பள்ளிக்கு வடிவமைப்பாளர் ஜோவாவ்சீனியோ ட்ரிண்டா. 'எலிகளே, பிணந்தின்னிக் கழுகுகளே, என் உடையை விடுங்கள்' என்பது அந்த ஆண்டின் கதைக்கரு. ஆடம்பரத்துக்குப் பெயர் போன பள்ளி, அந்த ஆண்டு கந்தலும் குப்பையும் அணிந்து வந்தது. பிச்சைக்காரக் கோலத்தில் இயேசு சிலை ஒன்று செய்திருந்தார்கள். மறைமாவட்டம் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சிலையைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே ஒரு பதாகை கட்டிக் கொண்டுவந்தார்கள்: 'தடை செய்யப்பட்டாலும் எங்களைக் கண்ணோக்கும்.' மூடிய சிலை திறந்த சிலையைவிட ஆயிரம் மடங்கு பேசியது. முதலிடத்துக்குச் சமமான புள்ளி பெற்றும் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தக் கறுப்பு மூட்டைதான்.

2019-இல் மங்கேய்ரா பாடப்புத்தகத்தில் இல்லாத வீரர்களைப் பாடியது. கறுப்பினத்தவர், பழங்குடிகள், அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட நகர்மன்ற உறுப்பினர் மரியெலி ஃபிராங்கு வரை. பட்டமும் அதற்கே. பெரியம்மா அந்த ஆண்டுப் பாட்டை இன்னும் சமையலறையில் பாடுகிறார். வடிகால் இல்லாத வீடுதான். அந்தப் பாட்டு அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

---

துறைமுகத்தான் எழுதியது:

வணக்கம். நான் சரக்குக் கப்பலில் எந்திரப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 90களில் ஒருமுறை பாயியா மாநிலத் தலைநகரான சால்வடோர் துறைமுகத்தில் கார்னிவல் வாரத்தில் நின்றோம். நகரத்துக்குள் நடந்து போனால் எதிரே வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளை அங்கியும் கட்டிய ஆயிரக்கணக்கான ஆண்கள். நீலமும் வெள்ளையுமாகக் கழுத்து நிறைய மணிமாலை. எங்கும் லாவெண்டர் வாசனைத் தண்ணீர். நடுவில் மெலிந்த ஒருவர், வட்டக் கண்ணாடியும் தடியுமாக, அச்சாக நம் காந்தி! எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

விசாரித்தேன். குழுவின் பெயர் 'ஃபில்யோஸ் டி காந்தி', காந்தியின் பிள்ளைகள். 1949-இல், காந்தி கொல்லப்பட்ட மறு ஆண்டு, சால்வடோர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் தொடங்கியது. கையில் காசில்லாத காலம். படுக்கை விரிப்பை அங்கியாகவும் துண்டைத் தலைப்பாகையாகவும் கட்டிக்கொண்டு இறங்கினார்களாம். தொழிற்சங்கம் என்றாலே கண்காணிப்பு இருந்த நாட்களில், அமைதியின் பெயரைத் தாங்கி நடந்தால் யார் அடிப்பார்கள் என்ற எண்ணமும் இருந்தது.

அவர்கள் அடிக்கும் தாளம் 'இஜெஷா'. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் காப்பாற்றி வைத்த கண்டோம்ப்ளே வழிபாட்டிலிருந்து வந்தது. மெதுவாக, அலை அசைவதுபோல் போகும். வெள்ளை நிறம் ஒஷாலா என்ற தெய்வத்துக்கு உரியது. கண்டோம்ப்ளே வழிபாட்டு இல்லங்கள் போலீசில் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி பாயியாவில் 1976 வரை இருந்தது. அப்படியென்றால் 27 ஆண்டுகள், அனுமதி கேட்டுக் கும்பிட வேண்டியிருந்த தெய்வத்தின் தாளத்தைத் தெருவில் அடித்துக்கொண்டு, காந்தி பெயரைச் சொல்லிப் போயிருக்கிறார்கள். எழுபதுகளில் குழு நலிந்தபோது பாடகர் கில்பெர்டோ கில் வந்து சேர்ந்து மறுபடி தூக்கி நிறுத்தினார். பின்னாளில் அவர் நாட்டின் பண்பாட்டு அமைச்சரானார்.

அந்த மணிமாலைகளில் ஒன்றை ஒரு துறைமுகத் தொழிலாளி என் கழுத்தில் போட்டார். இன்னும் பூஜை அறையில் இருக்கிறது.

---

பறைச்சத்தம் எழுதியது:

துறைமுகத்தான் ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மேளம் பிறகு ஊர்ப் பெருமையாவது என்றால் என்னவென்று பறைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

சால்வடோர் பேச்சு வந்ததால் கயிற்றையும் சொல்லிவிடுகிறேன். 1950-இல் டோடோ, ஒஸ்மார் என்ற இரு நண்பர்கள் 1929-ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி கட்டி இசைத்துக்கொண்டு தெருவில் போனார்கள். 'ட்ரியோ எலெட்ரிகு' என்ற இசை லாரி அப்படிப் பிறந்தது. எல்லோருக்கும் இலவசம். பிறகு லாரியைச் சுற்றிக் கயிறு வந்தது. 'அபாடா' என்ற சட்டையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கயிற்றுக்கு உள்ளே. வாங்க முடியாதவர்கள் வெளியே நெருக்கடியில் குதிப்பார்கள், அவர்களுக்குப் பெயர் 'பிபோக்கா', அதாவது சோளப்பொரி. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடப்பவர்கள் சொற்பக் கூலிக்கு வந்த ஏழைகள். உள்ளே இருப்பவர்களின் தோலையும் கயிறு பிடிப்பவர்களின் தோலையும் பார்த்தால் நாட்டின் கதை தெரிந்துவிடும். 1888 வரை அடிமைமுறை இருந்த நாடு.

1974-இல் லிபெர்டாஜி பேட்டையில் 'இலே ஐயே' என்ற கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட குழு தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். மறு ஆண்டு அவர்கள் தெருவில் இறங்கியபோது உள்ளூர்ப் பத்திரிகை அவர்களையே இனவாதிகள் என்று எழுதியது. இன்று அவர்கள் இல்லாத சால்வடோர் கார்னிவலை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. சமீப ஆண்டுகளில் கயிறு இல்லாத லாரிகளும் கூடியிருக்கின்றன, அது நல்லது.

---

நெய்தல்கரை எழுதியது:

எல்லோரும் கார்னிவலையே பேசுகிறீர்கள். நான் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் சித்தப்பா குருவானவர், அமேசான் முகத்துவாரத்துப் பெலெம் நகரில் ஆறு ஆண்டுகள் இருந்தார். அங்கே அக்டோபர் இரண்டாம் ஞாயிறு நடக்கும் 'சீரியு டி நசரே' பற்றி அவர் சொல்லச் சொல்ல எங்கள் வீட்டில் ராத்திரி போனதே தெரியாது.

நாசரேத் மாதாவின் சின்னஞ்சிறு சுரூபம். 1700-இல் பிளாசிடு என்ற எளிய மனிதர் ஓடைக் கரையில் கண்டெடுத்ததாக நம்பிக்கை. 1793 முதல் சுற்றுப்பிரகாரம் நடக்கிறது. பூவால் அலங்கரித்த சப்பரத்துக்கு முன்னால், அதோடு இணைத்த சுமார் 400 மீட்டர் வடம். அந்த வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பதுதான் நேர்ச்சை. வெறுங்காலுடன், தோளோடு தோள் இடித்து, மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். மயங்கி விழுபவர்களைத் தலைக்கு மேலாகக் கை மாற்றி வெளியே அனுப்புவார்கள். வீடு கேட்டு நேர்ந்தவர் மெழுகிலோ மரத்திலோ செய்த சிறு வீட்டைத் தலையில் சுமந்து வருவார், கால் குணமானவர் மெழுகுக் காலைக் கொண்டு வருவார். எங்கள் பனிமய மாதா திருவிழாவில் வளர்ந்த சித்தப்பா, முதல் ஆண்டு சாலையோரத்தில் நின்றே அழுதுவிட்டாராம்.

மதியம் வீடுவீடாக விருந்து. 'மனிசோபா' என்ற குழம்பு கட்டாயம் உண்டு. மரவள்ளி இலையை அரைத்து ஏழு நாள் விடாமல் வேகவைக்க வேண்டும். இலையில் நஞ்சு இருக்கிறது, ஏழு நாள் கொதித்தால்தான் போகும். அதனால் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே தெருவெல்லாம் அந்த வாசனை வந்துவிடும். நம் மரவள்ளிக்கிழங்கு அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான், முந்திரியும் அப்படியே. இன்னொன்று, சித்தப்பா போர்த்துகீசியம் கற்கத் தொடங்கியபோது சாவி, ஜன்னல், மேசை மூன்றுக்கும் புதிதாகச் சொல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

---

கரிசல்பருத்தி எழுதியது:

நெய்தல்கரை சொன்னது சரி, கார்னிவலைத் தாண்டிப் பேச வேண்டும். நான் பருத்தி ஆராய்ச்சிக்காக வடகிழக்கில் பரைபா மாநிலத்துக் காம்பினா கிராண்டியில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். எங்கள் கரிசல் காட்டைப் போலவே மழையை அண்ணாந்து பார்க்கும் ஊர். அங்கே போய் "கார்னிவல்தானே உங்கள் பெரிய திருவிழா?" என்று கேட்டேன். ஆய்வுக்கூட உதவியாளர் சிரித்துவிட்டு, "எங்களுக்கு ஜூன் மாதம்தான் ஆண்டு தொடங்குகிறது" என்றார்.

ஜூன் 13 அந்தோணியார், 24 திருமுழுக்கு யோவான், 29 இராயப்பர் என்ற பேதுரு. மூன்று திருநாளும் சேர்ந்த மாதம் 'சாவோ ஜோவாவோ', அதாவது புனித யோவான். இதன் அடியில் இருப்பது சோளம், நாம் மக்காச்சோளம் என்கிறோமே அது. மார்ச் 19 சூசையப்பர் திருநாள். அன்றைக்கு மழை பெய்தால் அந்த ஆண்டு விளையும் என்று நம்பிக்கை. அன்றுதான் விதைப்பார்கள். மூன்று மாதத்தில், யோவான் திருநாளுக்குச் சரியாகப் பால் பிடித்த கதிர் கைக்கு வரும். வறட்சி ஆண்டில் கதிர் இருக்காது. கதிர் இல்லாத ஜூனைப் பார்த்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் அந்த ஊரில் சோளம் வெந்தால் அது பசி தீர்ந்த வாசனை.

ஜூன் 23 இரவு வாசல்தோறும் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். யோவான் பிறந்ததை மரியாளுக்குத் தெரிவிக்க எலிசபெத்து மலைமேல் தீ மூட்டினாள் என்பது கதை. அந்தத் தீயை இருவர் கைகோத்துத் தாண்டினால் ஆயுளுக்கும் சம்பந்தி முறை, நெருப்பு சாட்சி. என்னையும் எதிர்வீட்டுப் பாட்டி ஒருத்தி கையைப் பிடித்துத் தாண்ட வைத்தார். அவர் இறக்கும்வரை என்னைக் 'கொமாட்ரி', அதாவது சம்பந்தி, என்றுதான் கூப்பிட்டார்.

இசை அக்கார்டியன், சபும்பா மேளம், முக்கோண மணி. மூன்றே கருவி. லூயிஸ் கொன்சாகா என்ற மேதை, 1912-இல் எஷு என்ற சிற்றூரில் பிறந்தவர், இந்த இசையை ரியோ வானொலிக்குக் கொண்டுபோய் நாட்டுக்கே பழக்கினார். வறட்சியில் ஊரை விட்டுப் போனவன் மழை வந்தால் திரும்புவேன் என்று பாடும் அவருடைய 'ஆசா பிராங்கா'வை அங்கே குழந்தைகூட முழுதாகப் பாடும்.

---

மரக்கலம் எழுதியது:

கரிசல்பருத்தி அக்கா, இங்கே சாவோ பாவுலோவில் எங்கள் கட்டடக் காவலாளி வடகிழக்குக்காரர். ஜூனில் விடுப்புக் கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிடுவேன் என்பார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அந்தக் 'குவாட்ரிலியா' ஆட்டம் பற்றிச் சொல்லுங்கள். இங்கே பள்ளிக் குழந்தைகள் ஓலைத் தொப்பியும் ஒட்டுப்போட்ட சட்டையுமாக ஆடுகிறார்கள்.

---

கரிசல்பருத்தி எழுதியது:

அது பிரெஞ்சு அரண்மனை ஆட்டம் தம்பி. 19-ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் வழியாக வந்து, கிராமத்துக்கு இறங்கி, களத்துமேட்டு ஆட்டமாகிவிட்டது. ஆட்டத்தை நடத்துபவர் பிரெஞ்சுக் கட்டளைகளைத் தம் வாய்க்கு வந்தபடி சொல்வார். 'பின்னால் போ' என்பது 'அனாரியே' ஆகிவிட்டது. "மழை வருது!" என்று கத்துவார், எல்லோரும் திரும்பி ஓடுவார்கள். "பொய்!" என்பார், சிரித்துக்கொண்டே மறுபடி திரும்புவார்கள். மழைக்கு ஏங்கும் ஊரில் அந்த வரியைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு அடைக்கும். ஆட்டத்துக்கு நடுவே ஒரு பொம்மைக் கல்யாணம். மாப்பிள்ளை தப்பி ஓடப் பார்ப்பான், பெண்ணின் அப்பா துப்பாக்கியோடு பிடித்து வருவார்.

தின்பதற்கு 'பமோன்யா': அரைத்த சோளத்தை அதன் மட்டையிலேயே பொதிந்து வேகவைத்தது. 'பே டி மொலேக்கி' என்று ஒன்று தந்தார்கள், வாயில் போட்டால் நம் கடலைமிட்டாய்!

ஒரு வருத்தமும் உண்டு. காம்பினா கிராண்டியில் 1983-இல் தொடங்கி, இப்போது 'பார்க்கி டு போவு' திடலில் மாதம் முழுக்க நடக்கும் விழாவுக்கு 'உலகின் மிகப் பெரிய சாவோ ஜோவாவோ' என்று பெயர். பெர்னாம்புகு மாநிலத்துக் கருவாரு ஊர் அதற்குச் சளைக்காத போட்டி. பெரிதாக ஆக ஆக, மேடையில் அக்கார்டியன்காரர்களின் நேரம் குறைந்து வெளியூர் நட்சத்திரப் பாடகர்களின் நேரம் கூடியது. 2017-இல் 'என் சாவோ ஜோவாவோவைத் திருப்பிக் கொடு' என்று கலைஞர்கள் குரல் எழுப்பினார்கள். எதிர்க்கேள்வி கேட்டது போலத்தான் நானும் கேட்பேன்: சோளம் விளைவித்தவனின் இசைக்கு அவன் திருநாளிலேயே இடமில்லை என்றால் எப்படி?

---

எதிர்க்கேள்வி எழுதியது:

அக்கா, இதில் நாம் ஒரே பக்கம். திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நடத்துகிறவன் கையிலேயே அது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

---

பறைச்சத்தம் எழுதியது:

அமேசானில் பரிண்டின்ஸ் தீவைப் பற்றியும் ஒருவர் எழுதுங்கள். சிவப்புக் காளைக் குழு, நீலக் காளைக் குழு என்று ஊரே இரண்டாகப் பிரியுமாமே?

---

துறைமுகத்தான் எழுதியது:

பரிண்டின்ஸ் நான் பார்த்ததில்லை, மனாவுஸ் துறைமுகத்தில் கேட்டதைச் சொல்கிறேன். சிவப்பு கரண்டீடு, நீலம் கப்ரிஷோசு. ஜூன் கடைசி வாரம் மூன்று இரவு போட்டி. கர்ப்பிணி மனைவி காளையின் நாக்கு கேட்டாள் என்று முதலாளியின் செல்லக் காளையைக் கொன்றுவிடுகிறான் வேலைக்காரன். பிறகு அந்தக் காளை உயிர்த்தெழுகிறது. அந்தக் கதைதான் அடிப்படை. எதிர்க் காளையின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், 'எதிராளி' என்பார்கள். ஒரு குழு ஆடும்போது மற்றக் குழுவின் ரசிகர்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கூச்சல் போட்டால் அவர்கள் காளைக்கே மதிப்பெண் குறையும். சிவப்பு விளம்பரத்துக்குப் பெயர் போன கோகோ கோலாகூட அந்த ஊரில் நீலத்திலும் பலகை வைக்கும்.

---

மரக்கலம் எழுதியது:

இந்த ஜூனில் காம்பினா கிராண்டிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். காவலாளி அண்ணனும் அதே வாரம் ஊருக்குப் போகிறார், பரைபாவில்தான் அவர் கிராமம். அக்கா, திடலுக்கு எந்த நாள் போகட்டும்?

---

கரிசல்பருத்தி எழுதியது:

திடலுக்கு ஏதாவது ஒரு நாள் போ, பெரிய மேடை தொடங்குமுன் போனால் சின்னக் கொட்டகைகளில் மூன்று கருவிக்காரர்கள் நிம்மதியாக வாசிப்பார்கள். 23-ஆம் தேதி இரவு மட்டும் அங்கே போகாதே. அந்த அண்ணன் கிராமத்துக்கு அவரோடு போ. சாயங்காலமே போய்விடு, கதிர் உரிக்க ஆள் தேவைப்படும். மட்டையைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பமோன்யா பொதிய முடியாது. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், அந்த மேட்டு நிலத்தில் ஜூன் இரவு குளிரும்.